பொது இடம் பிறந்த கதை

வீடுகள் பல வரிசையாக எழுந்து நின்றுவிட்டால் அது ஊராகி விடுமா? சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது; ஒரு வீட்டுத் தாளிப்பின் மணம் மறு வீட்டுக் கூடத்திலே வீசுகிறது; ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகுரல் மறு வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காரரின் பெயர் இந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது! அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அடுக்கு மாடிகள் உயர்ந்துகொண்டே போகின்றன. மாடி உயர உயர, மனிதர்க்கிடையே உள்ள தொலைவும் வளர்ந்துகொண்டே போகிறது. 'பூங்காக்களிலே விழா எடுங்கள். அண்டை வீட்டார் ஒன்று சேர்வார்கள்' என்று நல்லெண்ணம் கொண்டோர் கூறுகின்றனர். நல்ல யோசனை, வரவேற்கத்தக்க யோசனை. ஆனால், தோழர்களே, பூங்கா என்ற பொது இடம் நமக்கு எப்படிக் கிடைத்தது, அதிலே நுழைய யார் யார் போராட வேண்டியிருந்தது என்ற வரலாற்றை அறியாமல் விழா எடுத்தால், பந்தல் இருக்கும், விளக்கு இருக்கும், ஒற்றுமை மட்டும் இராது. ஆகவே அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அண்டை அயல் என்பது தமிழிலே பழைய சொல். எனினும், ஒருவனுக்கு அயலான் யார் என்பதை நெடுங்காலம் முடிவு செய்தது இருப்பிடம் அன்று, பிறப்பு. அக்கிரகாரத்தில் பிறந்தவனுக்கு அக்கிரகாரத்தானே அயலான். ஊர்த் தெருவில் பிறந்தவனுக்கு ஊர்த் தெருவினனே அயலான். சேரியில் பிறந்தவனுக்கோ சேரியே உலகம். நடுவே ஒரு வயல், ஒரு வாய்க்கால், ஒரு வேலி. கூப்பிடு தொலைவிலே வாழ்ந்தவர்கள், ஒரே ஏரியின் நீரால் விளைந்த நெல்லை உண்டவர்கள், ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் மொண்டால் கிணறு தீட்டாகிவிடும் என்று நம்ப வைக்கப்பட்டார்கள்.

'கோயில் இல்லையா, தேர் இல்லையா, திருவிழாவிலே ஊரே கூடவில்லையா?' என்று கேட்பர் பழமை விரும்பிகள். கூடியது, மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கூடியது? முதல் மரியாதை ஒருவருக்கு, அடுத்த மரியாதை இன்னொருவருக்கு, எட்ட நின்று கும்பிடும் 'உரிமை' மற்றொருவருக்கு! பறை கொட்டுவதற்கு அவர் வேண்டும். கொட்டியபின் அவர் பந்தலுக்குள் வரலாகாது. கூட்டம் இருந்தது, கூட்டுறவு இல்லை. கூடும்போதே பிரித்து நிறுத்திய ஏற்பாடு அது. ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு அதன் படிக்கட்டுகளை நினைவூட்டிய பாடம் அது.

இன்று சென்னையின் மேற்குப் புறநகர் என நாம் வழங்கும் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊர்கள். அந்த மாவட்டத்துக்கு இந்த வரலாற்றிலே தனி இடம் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றைப் பயன்படுத்த எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்று அரசு அறிவிக்க வேண்டும் என்பது அது. அவ்வாறே அரசாணையும் பிறந்தது. எண்ணிப் பாருங்கள்! சாலையிலே நடக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு சட்டமன்றமும் ஓர் அரசாணையும் தேவைப்பட்டன. அதே 1924 இல்தான் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டிலே முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டங்களைத் துறத்தல், பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்திலே சம உரிமை ஆகிய தீர்மானங்கள் அங்கே எழுந்தன. பல சாதியினரும் ஒரே பந்தியிலே அமர்ந்து உண்பதை இயக்கம் ஒரு வேலைத் திட்டமாகவே கொண்டிருந்தது. மேடையிலே பேசுவது எளிது. பக்கத்திலே அமர்ந்து உண்பதுதான் கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பந்திதான், இந்நாட்டிலே அண்டை வீட்டாரை உண்மையிலேயே ஒன்று சேர்க்க நடந்த முதல் முயற்சிகளுள் ஒன்று.

இனிப் பூங்காவுக்கு வருவோம். மன்னர்க்குத் தோட்டம் உண்டு, மாளிகைக்குத் தோட்டம் உண்டு. மக்களுக்கென்று தோட்டம் என்பது மேனாட்டிலும் அண்மைக் காலத்து எண்ணமே. ஆலைப் புகையிலே மூச்சுத் திணறிய ஆங்கிலத் தொழில் நகரங்களிலே, பொதுப் பணத்தில் பொதுமக்களுக்காகப் பூங்கா அமைக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1847 இல் பர்க்கன்ஹெட் நகரிலே அத்தகைய பூங்கா திறக்கப்பட்டது. பின்னர் நியூயார்க் நகரின் மையப் பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட், 1850 இல் அதைப் பார்த்து வியந்தார். ஆனால் பூங்கா தந்தவர்கள், அதிலே மக்கள் பேசவும் கூடவும் உரிமை தந்தார்களா? இல்லை. 1866 சூலையில், வாக்குரிமை கேட்டு இலண்டன் ஹைடு பூங்காவிலே கூட வந்த தொழிலாளரைத் தடுக்க வாயில்கள் மூடப்பட்டன. மக்கள் இரும்பு வேலியைச் சாய்த்து உள்ளே புகுந்தனர். 1872 இல் சட்டம் வந்தது. அங்கே பேசுவதற்கு ஒரு மூலை கிடைத்தது. வேலி விழுந்த பின்னரே அந்தப் பூங்கா உண்மையில் பொதுவாயிற்று!

சென்னையிலும் அதே காலத்தில் ஒரு பூங்கா பிறந்தது. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859 ஐ ஒட்டித் திட்டமிடப்பட்டு, இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே 116 ஏக்கரில் எழுந்த 'பீப்பிள்ஸ் பார்க்' அது. பெயரே மக்கள் பூங்கா. குளங்கள், பாதைகள், விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் இருந்தன. ஆண்டு முடிவில் அங்கே பெருஞ்சந்தை கூடும். எல்லாத் திசையிலிருந்தும் எளிய மக்கள் திரண்டு வருவர். 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையிலே தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகைகளுக்குள் சிக்கிப் பல நூறு பேர் மாண்டனர். மக்களைக் கூட்டுவோர் மக்களின் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதைச் சாம்பலிலே எழுதிவைத்த நாள் அது.

அந்த மக்கள் பூங்கா இன்று எங்கே? பகுதி பகுதியாக அதைத் தின்றுவிட்டது நகரம். ஒரு மூலையிலே மண்டபம் எழுந்தது. ஒரு பக்கம் 1900 இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913 இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. விளையாட்டரங்கம் ஒரு பங்கைக் கொண்டது. இரயில்வே ஒரு பங்கைக் கொண்டது. 1985 இல் விலங்குகளும் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 116 ஏக்கர் மக்கள் பூங்காவில் மக்களுக்கு எஞ்சியது சிறு துண்டே. பொது நிலம் பெரும்பாலும் ஒரே நாளில் பறிபோவதில்லை. 'இந்தச் சிறு மூலைதானே' என்ற சொல்லால்தான் பறிபோகிறது.

1920 களிலே நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. நகரின் நடுவே ஒரு பூங்கா. அதற்குப் பனகல் அரசர் பெயர். சற்றே தள்ளி டாக்டர் நடேசனார் பெயரிலே மற்றொரு பூங்கா. சாதியின் காரணமாகச் சென்னையிலே தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காமல் தவித்த மாணவர்களுக்கு விடுதி கண்டவர் நடேசனார். அவர் பெயரைப் பூங்காவுக்கு இட்டது பொருத்தமே. ஏனெனில், பணம் கொடுத்தாலும் பக்கத்தில் அமர்ந்து உண்ண முடியாத உணவு விடுதிகள் இருந்த நகரம் இது. 1957 இல் கூடத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள் அல்லவா? அத்தகைய நகரத்திலே, எந்தச் சாதி என்று கேட்காமல் எவரும் அமரக்கூடிய ஒரு கல் பெஞ்சு எத்துணைப் பெரிய புரட்சி!

வடசென்னை இராயபுரத்தில் இராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று மழை கொட்டிற்று. அந்த மழையிலே நனைந்தபடி மக்கள் கூடி நிற்க, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் அங்கே நடந்தது. அறிஞர் அண்ணாவின் பெயரை இன்று அந்தப் பூங்கா தாங்கி நிற்கிறது. கட்சி வரலாற்றுக்கு அப்பால் இதிலே ஒரு பாடம் உண்டு. வாடகை கொடுத்து மண்டபம் பிடிக்க வசதியற்றவரும், மண்டபத்துள் நுழையக் கூசிய துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூட, பூங்காவிலே கூடலாம். நுழைவுச் சீட்டு இல்லை, மிதியடியைக் கழற்ற வேண்டியதில்லை, குலம் கேட்பாரில்லை. மாலை வேளைப் பொதுக்கூட்டமே தமிழ்நாட்டு எளியவனின் பள்ளிக்கூடம். பூங்காவும் திடலுமே அதன் வகுப்பறை.

மேற்குப் புறநகரிலோ பூங்காவுக்கு முன்பே தொழிற்சாலை வந்தது. 1955 சனவரியில் ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோசலிச பாணி சமுதாயம்' காண்போம் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. தீர்மானம் ஏட்டில் ஏறியது; ஆவடியிலே மனிதரை மனிதரோடு கலந்ததோ, தீர்மானத்தைக் காட்டிலும் தொழிற்கூடந்தான். 1961 இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965 இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டை எழுந்தது; ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சிறு தொழில்கள் முளைத்தன. நெல்லையிலிருந்து வந்தவரும் வடாற்காட்டிலிருந்து வந்தவரும், தெலுங்கரும் மலையாளியும், ஒரே இயந்திரத்தின் இரு புறமும் நின்றனர். சங்கு ஊதினால் எல்லோருக்கும் ஒரே நேரம்; உணவுக் கூடத்திலே எல்லோருக்கும் ஒரே வரிசை. மனுவின் நூல் பிரித்தவர்களை இயந்திரம் சேர்த்தது.

ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பியதும்? அங்கே மீண்டும் பழைய கதை தலைகாட்டிற்று. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் 'நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள்' என்ற கேள்வி; 'சைவம் மட்டும்' என்ற பலகை. பகலிலே தோழன், மாலையிலே வேற்றாள்! ஆகவேதான் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த மூன்றாவது இடத்துக்கான நல்ல எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. 1968 சனவரியில் இன்றைய அண்ணா நகரிலே பெரும் தொழிற் கண்காட்சி நடந்தது. அதற்கென எழுந்த விசுவேசுவரையா கோபுரத்தை அன்றைய முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். கண்காட்சி முடிந்தது, கோபுரமும் பூங்காவும் மக்களுக்கு நிலைத்தன. 2011 இல் கோபுரத்தின் மேலே ஏறுவது தடுக்கப்பட்டு, 2023 இல் மீண்டும் வழி திறக்கப்பட்டது. இதற்குச் சற்று மேற்கே முகப்பேரில், 1980 களில், உலக வங்கிக் கடனுதவியோடு வீட்டுவசதி வாரியம் சிறு மனையையும் பெரு மனையையும் ஒரே பகுதியில் கலந்து அமைத்தது. ஏழையை ஒரு மூலையிலும் செல்வரை மறு மூலையிலும் ஒதுக்காமல் அருகருகே குடியமர்த்தும் முயற்சி அது. அந்த எண்ணத்தைச் சாதி ஒழிப்புக்கும் விரித்தது 1997 இல் கலைஞர் அரசு அறிவித்த சமத்துவபுரத் திட்டம். நூறு வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, பிறர்க்கு 10, எல்லாம் கலந்து. முதற் சமத்துவபுரம் 1998 இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே திறக்கப்பட்டது. அயலான் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்த நாட்டிலே, அதை மாற்றி எழுதத் துணிந்த செயல் அது.

பூங்காவிலே விழா என்பதற்கும் அண்மை வரலாறு ஒன்று உண்டு. 2007 இல் 'சென்னை சங்கமம்' தொடங்கிற்று. நகரின் பூங்காக்களிலும் திடல்களிலும் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து நிகழ்ந்தன. 2011 க்குப் பின் நின்றுபோன அவ்விழா, 2023 இல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரும் சேர மீண்டும் வந்தது. அண்ணா நகர்க் கோபுரப் பூங்காவிலும், அம்பத்தூர் எஸ்.வி. விளையாட்டுத் திடலிலும் மேடைகள் அமைந்தன. இதிலே நாம் காண வேண்டியது வேடிக்கையை அன்று, மாற்றத்தை. பறை எங்கே ஒலித்தது முன்பு? சாவு வீட்டிலே, அதையும் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர் கையிலே. அதே பறை, பூங்காவின் நடுவே, விளக்கொளியிலே, கலையாக ஒலிக்கிறது. வங்கி அலுவலரும் வாகன ஓட்டியும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நின்று கேட்கின்றனர். எட்ட நின்றவர் மேடை ஏறினார். மேலிருந்தவர் தரையில் அமர்ந்தார். கோயில் திருவிழாவின் படிக்கட்டு அங்கே தலைகீழாயிற்று!

ஆனால் மயங்கிவிடலாகாது. நான்கு நாள் விழாவிலே கைதட்டியவர், ஐந்தாம் நாள் அந்தக் கலைஞருக்கு வாடகைக்கு வீடு தருவாரா? விழா முடிந்த இரவு குப்பை வாரும் தூய்மைப் பணியாளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பார்வையாளராகக் கூடுவது வேறு. அயலாராகக் கூடுவது வேறு. முன்னதற்கு மேடை போதும். பின்னதற்குப் பந்தி வேண்டும். சேர்ந்து செய்யும் வேலை வேண்டும்.

பொது இடத்தைப் பகிர மனமில்லாதவர் எதுவரை போவர் என்பதற்கு உலகம் ஒரு கதை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரம். கறுப்பு மக்கள் பேருந்து மறுப்புப் போராட்டம் நடத்திய அதே நகரம். நகரப் பூங்காக்களிலே நிறம் பார்த்து மனிதரைத் தடுக்கக்கூடாது என நீதிமன்றம் கூறிற்று. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1959 சனவரி முதல் எல்லாப் பூங்காக்களையுமே மூடிவிட்டது! நீச்சற் குளத்தை மண்ணிட்டு மூடினர், விலங்குகளை அப்புறப்படுத்தினர். 1965 இல்தான் பூங்காக்கள் திறந்தன. தன் குழந்தையும் விளையாட வேண்டாம், அடுத்தவன் குழந்தையும் விளையாட வேண்டாம் என்று எண்ணும் அளவுக்கு மனிதனைக் குருடாக்கியது நிறவெறி. நம் ஊரின் சாதி வெறி அதற்கு இளைத்ததா?

நம் புறநகரிலே பூங்கா மூடப்படுவது வேறு வழியிலே நடக்கக்கூடும். பெரிய மனைப்பிரிவு போடுவோர், சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று அலுவலர் கூறுவது இதைத்தான். வரைபடத்திலே பச்சை நிறத்தில் இருக்கும் அந்த நிலத்தை நேரிலே தேடிப் பாருங்கள். ஓரிடத்திலே சுவர் நகர்ந்திருக்கும். வேறோரிடத்திலே ஒரு நாள் காலை ஒரு கல் முளைக்கும். மறுநாள் அதற்கு மஞ்சள். அடுத்த வாரம் கூரை. அடுத்த ஆண்டு கோபுரம், உண்டியல், அறங்காவலர்! பொதுத் தெருவிலும் பூங்காவிலும் பொது இடத்திலும் கோயில், மசூதி, தேவாலயம் என்ற எந்தப் பெயராலும் அனுமதியற்ற கட்டடம் எழலாகாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எந்த மதமாயினும் சரி, பொது நிலத்தில் அது நுழைந்த நாளே, அந்த நிலம் சிலருக்கு உரியதாகி மற்றவர்க்கு அயலாகிவிடுகிறது. அதைச் சொல்வது யாருடைய நம்பிக்கையையும் பழிப்பதாகாது. எல்லோருடைய நிலத்தையும் காப்பதாகும்.

ஆகவே, பகுத்தறிவு கொண்ட இளைஞர்களே, செய்ய வேண்டியது யாது? அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லிக்கு நகராட்சி உண்டு. கேட்பதற்கு மன்றங்கள் இருக்கின்றன. கேட்கும் குரல்தான் வேண்டும். முதலாவதாக, உங்கள் பகுதியின் மனை வரைபடத்தைப் பெற்று, பொது வெளி எது, எவ்வளவு என்று அளந்து அறியுங்கள். இரண்டாவதாக, பருத்திப்பட்டு ஏரிக் கரையானாலும், தெருமுனைச் சிறு பூங்காவானாலும், மாதம் ஒரு மாலை அங்கே கூடுங்கள். புத்தகம் படித்துப் பேசுங்கள். தொலைநோக்கி வைத்து நிலவைக் காட்டி, கிரகணத்துக்கு அஞ்சும் மூதாட்டிக்கும் விளக்குங்கள். பெண் பிள்ளைகள் ஆடுவதற்கென நேரமும் இடமும் உறுதி செய்யுங்கள். மூன்றாவதாக, தைத் திங்கள் முதல் நாளிலே பொங்கல் வையுங்கள். வீட்டுக்கொரு பிடி அரிசி வாங்கி, ஒரே பானையிலே பொங்கி, ஒரே பந்தியிலே உண்ணுங்கள். பந்தியிலே தூய்மைப் பணியாளரும் அமரட்டும். பந்திக்குப் பின் பூங்காவைப் பெருக்கும் துடைப்பத்தை எல்லோரும் ஏந்தட்டும்.

இன்னொரு செய்தி. தொழிற்பேட்டையில் இன்று உழைப்போருள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் பலர். ஒரு காலத்திலே தென்மாவட்டங்களிலிருந்து இங்கே வந்திறங்கிய நம் பெற்றோர் எப்படி மொழி வேறுபாடும் ஊர் வேறுபாடும் கண்டு திகைத்தார்களோ, அப்படியே அவர்களும் திகைத்து நிற்கின்றனர். இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் ஏழையை இகழ்வது வேறு. அவர்தம் குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்து, விளையாட்டோடு விளையாட்டாகத் தமிழ் கற்றுக் கொடுப்போம். வந்தவரை அயலாராக்கிக்கொள்ளும் ஆற்றலே ஒரு மொழியின் வலிமை.

சாலையிலே நடக்க ஓர் ஆணை தேவைப்பட்ட காலத்திலிருந்து, பூங்காவிலே ஒன்றாக அமரும் காலத்துக்கு வந்து சேர நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. அவர்கள் வாங்கித் தந்தது இடம். அந்த இடத்திலே பக்கத்து வீட்டாரின் பெயரைக் கேட்டு, அவர் சாதியைக் கேட்காமல், கை நீட்டுவது நம் வேலை. வரும் ஞாயிறு மாலை உங்கள் தெருப் பூங்காவின் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் செய்யுங்கள். திறந்திருந்தால், இன்னும் நாலு பேரை அழைத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள்!